ரிசார்ட்டுக்குப் போயும் டூட்டி

எம்பிபிஎஸ் பேட்ச்மேட்ஸ் நாலு பேர் எப்படியோ ஒரே நேரத்தில் லீவு வாங்கி, மாமல்லபுரம் பக்கம் ஈசிஆரில் ஒரு சீப் ரிசார்ட்டுக்குப் போனோம்.

போட்டோவில் நீலமா இருந்த பூல் நேர்ல பாசிப் பச்சை. ஏசி கட்டில் மேலயே சொட்டுது. ‘பிரைவேட் பீச்’னு போட்டிருந்தது மீனவர்கள் வலை காயப்போடுற இடம். சிரிச்சுட்டு விட்டுட்டோம்.

எனக்கு உறுத்தினது வேற. பூல்ல ஆழம் எழுதலை. லைஃப்கார்டு இல்லை. கலங்கல்ல அடியும் தெரியலை. குழந்தைங்க குதிக்குறாங்க, அப்பா அம்மா செல்போன்ல.

உத்திரமேரூர் பக்கம் திரும்பின இடமெல்லாம் ஏரி. குளிக்கப் போன பசங்களைத் தூக்கிட்டு கேஷுவாலிட்டிக்கு ஓடி வருவாங்க. அதைப் பார்த்தவன் அங்க எப்படி ரிலாக்ஸ் ஆவான்? ரெண்டு நாளும் சேர் போட்டு உட்கார்ந்து அடுத்தவங்க பிள்ளைகளை எண்ணிக்கிட்டு இருந்தேன். “டேய், இங்கயும் டூட்டியா?”னு கிண்டல் வேற.

மூழ்குறவங்க சினிமாவில் வர்ற மாதிரி கத்த மாட்டாங்க. மூச்சுக்கே வழியில்லை, குரல் எங்கே வரும்? சத்தமே இல்லாம உள்ளே போயிடுவாங்க. வெளியே எடுத்ததும் வயித்தை அமுக்காதீங்க, தலைகீழா சுத்தாதீங்க. மூச்சு இல்லைன்னா முதல்ல வாயோடு வாய் வச்சு 2 தடவை ஊதணும். அப்புறம் நெஞ்சில் 30 அழுத்தம், மறுபடி 2 ஊதல். அப்படியே தொடரணும். இன்னொருத்தர் 108-க்கு அடிக்கட்டும்.

கிளம்பும்போது மேனேஜர்கிட்ட, “ஆழத்தையாவது எழுதி வைங்க”ன்னேன்.

“பெயிண்ட் வாங்கணும் சார்”னார்.