கொழும்புக்கு ஒரு மருந்துப் பயணம்

கிளிநொச்சியில் இரவு ஏறிய பஸ் விடியப்புறம் புறக்கோட்டையில் எங்களை இறக்கிவிட்டது. முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். சுகமாக இருப்பவர்களுக்கே களைப்பு. என்னோடு வந்த அக்காவுக்கோ மூட்டுவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, விடியற்காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கை விறைத்தே இருக்கும். நடுச்சாமத்தில் பஸ் நின்ற சாப்பாட்டுக் கடையில் குந்தியிருக்கும் மலசலகூடம்தான் இருந்தது. முழங்கால் மடங்காது என்று அவர் போகவில்லை. அதற்காகவே வழிநெடுகத் தண்ணீரும் குடிக்கவில்லை. அதன் பலன் ஆஸ்பத்திரியில் தெரிந்தது. தண்ணீர் வற்றிய உடம்பில் நாளம் அகப்படவில்லை. மூன்றாம் முறை குத்தித்தான் ஊசி ஏறியது.

கிழமைக்கு ஒரு தரம் எடுக்கும் மெதோட்ரெக்சேற் குளிசை போதாமற் போனதால், றிற்றுக்சிமாப் என்ற மருந்தை நாளத்தின் வழியே ஏற்றுவதற்காகவே விசேட வைத்தியர் எங்களை அங்கே அனுப்பியிருந்தார். சேலைன் போலத்தான் துளிதுளியாக இறங்கும். எங்கள் உடம்பையே தாக்கத் தொடங்கிவிட்ட நோயெதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அது அடக்குகிறது. ஆனபடியால் உள்ளே ஒளிந்திருக்கும் பழைய கிருமிகள் தலைதூக்கலாம். ஏற்றுவதற்கு முன்னர் மஞ்சட்காமாலைக் கிருமிக்கு இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்றே, கசநோய் பற்றிய விசாரணை எல்லாம் நடந்தன.

அந்த விசாரணையில்தான் அக்கா முதலில் பொய் சொன்னார். 2009 இல் செட்டிகுளம் முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்த மாமியார் கசநோய்க்கு மருந்து எடுத்தவர். "சொன்னால் மருந்து தரமாட்டினம்" என்று பயந்து, "ஒருத்தருக்கும் இல்லை" என்றுவிட்டார். பிறகு எக்ஸ்றேயில் தோளருகே ஒரு ஷெல் துண்டு வெள்ளையாகத் தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கித்தான் முகாம் கதையும் வெளியே வந்தது. வைத்தியர் ஏசவில்லை. ஷெல் துண்டு இந்த மருந்துக்குத் தடையில்லை என்றார். சளிப் பரிசோதனைக்காக மூன்று கிழமை தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். மறைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு பதறுகிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்கள் கர்ப்பத் திட்டத்தையும் கட்டாயம் சொல்லவேண்டும். இம்மருந்து எடுத்தபின் 12 மாதம் கர்ப்பம் தரிக்கக்கூடாது.

அன்று காலை பட்டினி கிடக்கத் தேவையில்லை. பாணும் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டோம். இரத்த அழுத்தக் குளிசை மட்டும் அன்று எடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்கவேண்டும், ஏனென்றால் மருந்து ஏறும்போது அழுத்தம் இறங்கலாம். முதலில் பனடோலும் ஒவ்வாமைக்குப் பிரிட்டனும், பின்னர் ஸ்ரெரொயிட் ஊசியும் தந்தார்கள். அரை மணித்தியாலம் கழித்து 1000 மில்லிகிராம் மருந்து தொங்கியது. முதலில் மணிக்கு 50 மில்லிகிராம். பிறகு அரை மணிக்கொரு தரம் வேகத்தைக் கூட்டுவார்கள். ஒரு தடங்கலும் இல்லாவிட்டால் நாலேகால் மணித்தியாலம் செல்லும்.

எங்களுக்குத் தடங்கல் வந்தது. இரண்டாவது மணித்தியாலத்தில் அக்கா கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார். "என்னக்கா?" என்றேன். "ஒண்டுமில்லை தங்கச்சி." எங்கள் பெண்களிடம் நான் அதிகம் கேட்கும் சொல் இதுதான். பங்கரிலும் வரிசையிலும் பழகிய சொல். வாட்டில் இருந்த தாதிக்குத் தமிழ் தெரியாது. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி என்பது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வாட்டில் இருக்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மிஸ், கஹனவா" என்றேன். அவர் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, அழுத்தம் பார்த்து, சொறி அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அரை மணித்தியாலத்தின் பின் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்கினார். நல்ல பிள்ளை. மொழி தெரியாதது அவருடைய குற்றமில்லை.

சொறி, குளிர் நடுக்கம், தொண்டை இறுக்கம், மூச்சுமுட்டு - இவை முதல் தடவையில்தான் கூடுதலாக வரும். சொன்னால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தே சமாளிக்கலாம். சொல்லாவிட்டால் ஆபத்து.

முடிய மாலை ஐந்தாகிவிட்டது. அன்றிரவே பஸ் ஏறாமல் வத்தளையில் உறவினர் வீட்டில் தங்கியது புத்தி. மறுநாள் விரல் விறைப்பு குறையவில்லை என்று அக்கா மனம் சோர்ந்தார். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் எடுக்கும் என்று வைத்தியர் சொன்னதை நினைவூட்டினேன். காய்ச்சல் வந்தால் வீட்டில் பனடோலுடன் கிடக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு கிழமையால் இரண்டாவது ஏற்றத்துக்குப் போனபோது அக்காவின் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் நாலு வரி இருந்தது. மகள் எழுதிக்கொடுத்தது: கஹனவா - சொறியுது. சீதலயி - குளிருது. பப்புவ ரிதெனவா - நெஞ்சு நோகுது. ஹுஸ்ம கண்ட அமாருயி - மூச்சு எடுக்கக் கஷ்டம். வவுனியா தாண்டும்வரை அவர் அதை வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டே வந்தார், கையில் தண்ணீர்ப் போத்தலும் இருந்தது.