பரந்தூர் வழியே காஞ்சிக்கு

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் செல்பவர்கள் ஸ்ரீபெரும்புதூரையும் சுங்குவார்சத்திரத்தையும் கடந்து, நெடுஞ்சாலையிலேயே பொன்னேரிக்கரை வரை போய், அங்கிருந்து திரும்பி ஊருக்குள் நுழைவது வழக்கம். மதுரையில் நடக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்குக் கூறைப்புடவை எடுத்துவரும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. அவசரம் ஏதும் இல்லாத காரியமாகையால், நான் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே பிரிந்து, ஏரிக்கரைகளை ஒட்டி வளைந்து செல்லும் கிராமச் சாலையில் பரந்தூரைப் பார்த்துவிட்டு அப்புறம் காஞ்சிக்குப் போவதென்று தீர்மானித்தேன். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியானது முதல், அந்தப் பூமியை அதன் இன்றைய கோலத்தில் ஒருமுறையாவது கண்ணாரக் கண்டுவிட வேண்டும் என்ற தாகம் எனக்கு இருந்துவந்தது.

திட்டத்துக்கு வேண்டியது 13 கிராமங்களில் பரவிய 5,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். அதில் கணிசமான பகுதி ஏரியும் குளமும் கால்வாயுமாக இருக்கிறது. பாலாற்று நீரை ஏரிக்கு ஏரி இட்டுச் செல்லும் கம்பன் கால்வாய் இந்தப் பிரதேசத்தின் ஊடேதான் ஓடுகிறது. அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து மாலைதோறும் கூடித் தங்கள் மறுப்பைத் தெரிவித்து வந்திருக்கிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்த பிறகும் அவர்கள் குரல் ஓயவில்லை. தங்கள் பாட்டன் நட்ட மரத்தையும் தாங்கள் நீர் பாய்ச்சும் வயலையும் பணத்தால் அளக்க மறுப்பவர்களின் நியாயம் எனக்கு நன்றாகவே புரிகிறது. அதைப் பற்றி எழுதுவோர் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறொன்று: இவ்வளவு பெரிய விலை கொடுத்து அமைக்கப்போகும் ஓடுபாதையில் இறங்கப்போகும் விமானங்களில் வேலை செய்பவர்களுக்கும், அவற்றை நம்பிப் பணம் கட்டுபவர்களுக்கும் என்ன காப்பு இருக்கிறது என்பது.

காஞ்சியில் நான் போக வேண்டியிருந்தது பிள்ளையார்பாளையம். ஏகாம்பரநாதர் கோபுரத்தையும் கைலாசநாதர் கோயிலின் மணற்கல் சிங்கங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிற யாத்ரீகர்கள் இந்தத் தெருக்களுக்குள் வருவதில்லை. ஆனால் காஞ்சியின் ஜீவன் இங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்து முறுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அறிமுகமான நெசவாளர் வீட்டில், கூடத்தின் பாதியை அடைத்துக்கொண்டிருந்த குழித்தறியில், அரக்கு நிற உடலுக்குப் பச்சைக் கரை வைத்த கோர்வைப் புடவை ஏறியிருந்தது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக இருந்து, இரண்டும் இழைக்கு இழை கொக்கிபோல் பூட்டிக்கொள்ளும்படி நெய்வதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் உட்கார்ந்தவர் ஒருபுறத்துக் கரையையும் உடலையும் பார்த்துக்கொள்ள, மறுபுறத்துக் கரைக்கு நாடா போட இன்னொருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்தப் பக்கத்துணைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் கோர்வை நெய்கிறவர்களே குறைந்து வருகிறார்கள் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். அன்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடா போட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய மகள்.

“பாப்பா ஏர்லைன்ஸ்ல வேலை பார்த்தது சார்,” என்றார் அவர், தறியை நிறுத்தாமலே.

அந்தப் பெண் பட்டப்படிப்பு முடித்து, ஆங்கிலமும் இந்தியும் பயின்று, ஒரு விமான கம்பெனியில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸ் கொடுக்கும் கவுன்டரில் உத்தியோகம் பெற்றவர். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். புதிய ரக விமானம் வந்தபோது கேக் வெட்டி, ஊழியர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்களாம். அதற்குப் பின் சம்பளம் முதலில் பத்து நாள் தாமதித்தது. பிறகு பாதியாக வந்தது. பிறகு வரவே இல்லை. ஊருக்கு வந்து போகப் பஸ் கட்டணத்தைத் தந்தையிடம் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சென்ற நாள்களும் உண்டு. ஒரு விடியற்காலை, வழக்கம்போல் கவுன்டரைத் திறந்த பிறகுதான், விமானம் வராது என்ற செய்தி அவருக்கே தெரியவந்தது. எதிரே நின்றவர்களில் ஒருவர் தாயின் இறுதிச் சடங்குக்குப் போக வேண்டியவர். அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தாராம். “அவர் மேல எனக்குக் கோபமே வரலை சார். அவர் இடத்துல நான் இருந்தா நானும் அப்படித்தான் கத்தியிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு, அறுந்த ஓர் இழையை முடிபோடக் குனிந்துகொண்டார்.

பாரமவுண்ட் ஏர்வேஸ் அப்போது என் நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் பிறந்த அந்த விமான நிறுவனத்தை இன்றைய வாலிபர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். நூற்பாலைத் தொழிலில் வேரூன்றிய மதுரைக் குழுமம் ஒன்றைச் சேர்ந்த எம். தியாகராஜன் அதை நிறுவினார். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2005 அக்டோபரில் அது பறக்கத் தொடங்கியது. நூலும் துணியும் அறிந்த ஒரு குழுமம் ஆகாயத்தில் அடியெடுத்து வைத்தது அந்நாளில் பெரிய விசேஷமாகப் பேசப்பட்டது. பிரேஸில் நாட்டு எம்ப்ரேயர் தயாரித்த 170, 175 ரக ஜெட் விமானங்களை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்த விமான நிறுவனம் அதுவே. நான் மதுரையிலிருந்து சென்னைக்கு அதில் வந்திருக்கிறேன். சுமார் 70 பேர் அமரும் விமானம். நடைபாதைக்கு இப்புறம் இரண்டும் அப்புறம் இரண்டுமாக ஆசனங்கள். இருவருக்கு நடுவே முழங்கையை ஒடுக்கிக்கொண்டு உட்காரும் அவஸ்தை யாருக்கும் இல்லை. இரண்டு வட்டங்களை மேலும் கீழுமாகப் பொருத்தினாற்போன்ற உடலமைப்பினால், சிறிய விமானத்துக்குள் இருக்கிறோம் என்ற நெருக்கமே தோன்றாது. அனைவருக்கும் உயர்வகுப்பு உபசாரம் என்பது அந்த நிறுவனத்தின் கொள்கையாக இருந்தது. காலையில் புறப்பட்டுக் கோர்ட்டிலோ கச்சேரியிலோ காரியத்தை முடித்துக்கொண்டு இரவு வீடு திரும்ப விரும்பும் மதுரைக்காரருக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கும் அதைவிடப் பொருத்தமான விமானம் அதற்கு முன் வந்ததில்லை. பின்னும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

அந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததில் கணக்கும் இருந்தது. 80 ஆசனங்களுக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணம் கிடையாது என்று அரசாங்கம் விலக்கு அளித்திருந்தது. பிற்பாடு 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களின் எரிபொருளுக்கு விற்பனை வரியும் 4 சதவீதமாகக் குறைந்தது. எம்ப்ரேயர் 170 இவ்விரண்டு எல்லைக்குள்ளும் அடங்கியது. இவ்வளவு யோசனையோடு தொடங்கிய நிறுவனம் ஐந்து வருஷத்துக்குள் ஏன் நின்றது? விமானங்கள் குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. குத்தகைக்கு விட்டவர்களோடு ஏற்பட்ட பிணக்கு நீதிமன்றம் ஏறியது. விமானங்கள் கையைவிட்டுப் போயின. 2010இல் பாரமவுண்ட் சேவை நின்றது. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு நல்ல முயற்சி அவ்வாறு முடிந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேதனை உண்டாகிறது.

இதை நான் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த நெசவாளர், “அடுத்தவன் தறியில உக்காந்து நெய்யறவன் நெலமைதான் சார் அது,” என்றார். “தறிக்காரன் எழுந்திருன்னா எழுந்துக்கணும்.”

அவர் சொன்னதில் ஒரு சட்ட விஷயமே அடங்கியிருக்கிறது. விமானத்தைக் குத்தகைக்கு விடுபவரின் உரிமையைக் காக்க 2001இல் கேப்டவுன் நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாகியது. இந்தியா 2008இல் அதில் சேர்ந்தது. வாடகை நின்றால் விமானத்தின் பதிவை நீக்கி அதை எடுத்துச் செல்வதற்கு அது வழி வகுக்கிறது. 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பறப்பதை நிறுத்தித் திவால் சட்டத்தின் நிழலில் ஒதுங்கியபோது, அந்தச் சட்டம் விதித்த தடையின் காரணமாக, குத்தகைக்கு விட்டவர்களால் தங்கள் விமானங்களை எடுக்க இயலவில்லை. ஆகவே அதே ஆண்டு அக்டோபரில் விமானங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று அரசு அறிவித்தது. 2024 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் 54 விமானங்களின் பதிவை நீக்க உத்தரவிட்டது. 2025இல் நாடாளுமன்றம் இதற்கென்றே தனிச் சட்டமும் இயற்றியது. விமானத்தின் சொந்தக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும்தான். அது இல்லாவிட்டால் நம் நாட்டுக்கு யாரும் நியாயமான வாடகையில் விமானம் தரமாட்டார்கள். ஆனால் மற்ற இருவர்? நிறுவனத்தைக் கலைக்கும் கட்டத்தில் தொழிலாளரின் 24 மாதக் கூலி பாக்கிக்குச் சட்டம் முன்னிடம் தருகிறது என்பது உண்மை. இருந்தாலும் விமானங்கள் போய்விட்ட கம்பெனியில் பங்கிட என்ன மிஞ்சும்? டிக்கெட் வாங்கியவரோ பிணையில்லாத கடன்காரராகி, வரிசையின் கடைக்கோடியில் நிற்கிறார். 2012இல் கிங்ஃபிஷர் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் உழைத்து, பொறியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, அக்டோபரில் உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட நாள்களிலும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் தரையிறங்கிய நாள்களிலும் இதே கதைதான் நடந்தது.

நொடித்துப்போன கம்பெனிகளுக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல இது. விமானிகளுக்கு வாரத்தில் 36 மணிக்குப் பதில் 48 மணி நேரம் தொடர் ஓய்வு வேண்டும், இரவில் இறங்கும் தடவைகளைக் குறைக்க வேண்டும் என்ற விதிகள் 2025இல் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. களைப்புற்ற விமானியின் கையில் நூற்றுக்கணக்கான உயிர்களை ஒப்படைக்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதிகள் அவை. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோ அதற்கேற்ற ஆள்பலத்தை வைத்துக்கொள்ளாததால், டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. பிரயாணிகள் நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். அந்த நாள்களில் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டவர்கள், விமானியையோ அட்டவணையையோ நிர்ணயிக்கும் அதிகாரம் சிறிதும் இல்லாத கவுன்டர்ப் பெண்களும் பையன்களும். அந்தப் படங்களைப் பார்த்தபோது என் மனம் மிகவும் நொந்தது. ஏமாந்த இருவரை எதிரெதிரே நிறுத்திவிட்டு, ஏமாற்றத்துக்குக் காரணமானவர்கள் கண்ணுக்குப் படாமல் இருந்துவிடுகிற இந்த ஏற்பாட்டை மாற்றாமல் நாம் எத்தனை ஓடுபாதை போட்டு என்ன?

சிறிய ஜெட் விமானங்களின் காலம் மீண்டும் வருகிறது. 2023 முதல் ஸ்டார் ஏர் நிறுவனம் எம்ப்ரேயர் 175 ஓட்டிவருகிறது. 2025 அக்டோபரில் பெங்களூரின் எச்.ஏ.எல். நிறுவனம் ரஷ்யாவின் எஸ்.ஜே.-100 ஜெட் விமானத்தை இங்கே தயாரிப்பதற்கு ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டது. இதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் புது விமான நிறுவனத்துக்கு உரிமம் வழங்கும்போதே, ஊழியரின் சில மாதச் சம்பளமும் முன்பணமாக வாங்கிய டிக்கெட் தொகையும் கம்பெனி தொடமுடியாத தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கட்டும். பரந்தூரில் நிலம் இழப்பவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வேலை தருவதாகப் பேச்சு எழும்போது, அது எந்த மாதிரி வேலை, யாருடைய சம்பளப் பட்டியலில், எந்தத் தேதியில் கூலி என்பதையும் எழுத்தில் கொடுக்கட்டும்.

இந்த யோசனையை நான் சொன்னதும் அந்தப் பெண் நாடாவைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சற்று நேரம் ஆலோசித்தார். பணம் அப்புறம் என்பது அவர் கட்சி. விமானம் வராது என்பது மேலே இருந்தவர்களுக்கு முந்தின இரவே தெரியும் என்று பிறகு அவர் கேள்விப்பட்டிருக்கிறார். “பயணிகளோட போன் நம்பர் எல்லாம் என் கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு சார். ராத்திரியே எனக்குச் சொல்லியிருந்தா ஒவ்வொருத்தரா நானே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். அம்மாவுக்குக் காரியம் செய்யப் போறவரு ராத்திரி ரயிலையாவது பிடிச்சிருப்பாரு. நீங்க எழுதறதா இருந்தா அதை முதல்ல எழுதுங்க.”