தேனடையும் பழப்பாகும்

பசியாறுதல் என்னும் சொல் எங்கள் இல்லங்களில் காலையுணவைக் குறிக்கும். கிண்டியில் எங்கள் வீட்டில் மட்டும், ஞாயிறன்று, "பசியாறியாயிற்றா?" என்று பதினொரு மணிக்கு முன் எவரும் கேட்பதில்லை. தொழிற்பேட்டையில் இரவுமுறை பார்க்கும் என் கணவர் விடியலில் வந்து, உறங்கி எழ அவ்வளவு நேரமாகும். காலையுணவும் பகலுணவும் கலந்த இவ்வேளைக்கு ஆங்கிலேயர் 'பிரஞ்ச்' எனப் பெயரிட்டனர். சனி இரவுக் கேளிக்கையில் களைத்தவர்களுக்காக வாதாடி, 1895-இல் கை பெரிஞ்சர் என்பவர் இச்சொல்லை எழுத்தில் ஏற்றினார். எங்கள் வீட்டுக் களைப்போ 1958-இல் உருவான தொழிற்பேட்டை தருவது!

அவ்வேளைக்கு என் மகள் விரும்புவது வாஃபிள். "உம்மா, நீங்கள் தமிழ் நடத்துகிறீர்கள், இதற்குத் தமிழில் ஒரு பெயரும் இல்லையே?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். உடனே விடை தோன்றவில்லை. மாவு காத்திருந்தது.

இரண்டு குவளை மைதாவுடன் பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, சிறிது சர்க்கரை, உப்பு சேர்த்துச் சலிக்க வேண்டும். ஒன்றரைக் குவளை பால், உருக்கிய வெண்ணெய், இரண்டு முட்டையின் மஞ்சட்கரு ஆகியவற்றை அதில் கலந்து, வெண்கருவைத் தனியே நுரைபொங்க அடித்து இறுதியில் மெல்லச் சேர்த்தல் நலம். அச்சில் ஊற்றி மூடியபின் ஆவி அடங்கும்வரை திறத்தல் கூடாது. வெந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மொறுமொறுப்புக் கெடும். கம்பித் தட்டில் பரப்புக. பாகுக்கு நிலையத்தருகே தள்ளுவண்டியில் வாங்கிய பங்கனப்பள்ளி இரண்டு போதும். பாதியை மசித்து, பாதியைத் துண்டாக்கி, சர்க்கரையும் ஏலமும் இட்டுச் சிறுதீயில் காய்ச்சி, இறக்கியபின் எலுமிச்சை பிழிய வேண்டும்.

தட்டில் கிடந்ததை என் உம்மா கையிலெடுத்துக் குழிகளைத் தடவிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தை அதிகம் அறியாதவர். "தேனடை மாதிரியல்லவா இருக்கு!" என்றார்.

எனக்குச் சிலிர்த்தது. வாஃபிள் டச்சு மொழி வழியே வந்த சொல். அதன் வேர் தேனடையைச் சுட்டியது என்பர் மொழிநூலார். மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலும், இரவு முதிர்ந்த வேளையில் கண்ணயரும் கூவியர் விற்ற மெல்லிய அடைக்கு, வரிகளையுடைய தேனிறாலே உவமை. பெரும்பாணாற்றுப்படையிலோ கூவியர் பாகோடு சமைத்த அப்பம் பாலில் மிதக்கிறது. மைதாவும் மின்னச்சும் பிறகு வந்தவை. மாவைச் சுட்டுக் குழியில் இனிப்பைத் தேக்கும் ஆசை நமக்குப் புதிதன்று. இதனை மகளிடம் கூறினேன். "அந்தப் பாட்டுத் தேர்வுக்கு வருமா?" என்றாள்.

வாப்பா மறைந்தபின் உம்மா இனிப்பைத் தொட்டதில்லை. ஏனென்று நாங்களும் வற்புறுத்திக் கேட்டதில்லை. அன்று ஒரு துண்டைத் தேங்காய்ப்பாலில் தோய்த்து, மாம்பழப் பாகு ஊற்றி உண்டார். சற்றுக் கழித்து, "இன்னொன்று சுடு" என்றார். கணவரின் பங்கு அது. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பெயர் குறித்த வழக்கு மட்டும் தீரவில்லை. மகளுக்கு வாஃபிள், உம்மாவுக்குத் தேனடை. மாம்பழக் காலம் முடிந்துவிட்டதால் இப்போது அன்னாசிப் பாகு. அதற்குச் சர்க்கரை சற்றுக் கூடுதலாக வேண்டும்.