நியூயார்க்கில் முடியாத கூரை

திருமுடிவாக்கத்திலிருந்து தாம்பரம் போய் வருவதையே பிரயாணமென்று எண்ணியிருந்த நமக்கு, நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் தலைமை ஸ்தலத்தைக் காணும் பாக்கியம் கிட்டியது. முன்னொரு காலத்தில் அங்கே கசாப்புக் கூடங்கள் இருந்தனவாம். ராக்பெல்லர் 85 லட்சம் டாலர் கொடுத்து வாங்கித் தந்த நிலம். சமாதானம் பேச நல்ல இடந்தான்! வாசலில் அங்கத்தினரான 193 தேசங்களின் கொடிகள், பள்ளிக்கூடத்து ஆஜர்ப் பட்டியல்போல் அகரவரிசையில் பறக்கின்றன.

உள்ளே பாதுகாப்புச் சபை. லாட வடிவ மேஜை. ஐந்து தேசங்களுக்கு நிரந்தர ஆசனம். அவற்றுள் ஒன்று மறுத்தாலும் முக்கியத் தீர்மானம் விழுந்துவிடும். வகுப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு இச்சலுகை கொடுத்துப் பார்த்தால் தெரியும்! அங்கே நாம் அதிக நேரம் நிற்கவில்லை.

நம்மை நிறுத்தியது பொருளாதார சமூக சபையின் மண்டபம். மேலே ஒரு பகுதியில் குழாய்களெல்லாம் வெளியே தெரிகின்றன. மேஸ்திரி பாதியில் ஓடிவிட்டானோ என்று நினைத்தோம். இல்லை, ஏழ்மையைப் போக்கும் வேலை முடிவதேயில்லை என்பதற்கு அடையாளமாக ஸ்வீடன் தேசத்துச் சிற்பி வேண்டுமென்றே அப்படி விட்டாராம்.

இச்சபையின் முதல் தலைவர் நம் ஆற்காடு ராமசாமி முதலியார். 1946-இல் முதற் கூட்டம் லண்டனில் நடந்தபடியால், அவர் தலைமை ஏற்றது இம்மண்டபத்தில் அல்ல. 1945 ஜூன் 26-ந் தேதி ஸான்பிரான்ஸிஸ்கோவில் இந்தியாவுக்காகச் சாசனத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆனால் அவரை அனுப்பியது அன்னிய சர்க்கார். அதே நகரில், அத்தூதுகோஷ்டி இந்திய மக்களின் பிரதிநிதியன்று என்று ஸ்ரீமதி விஜயலக்ஷ்மி பண்டிதர் முழங்கிக்கொண்டிருந்தார். எட்டே வருஷத்தில், 1953-இல், பொதுச் சபைக்கே தலைவரானார். அப்பதவி வகித்த முதல் பெண்மணி அவர்தான். அவர் முழக்கம் நியாயமே. முதலியாரின் திறமையும் பொய்யல்லவே!

குழாய்களைப் பார்த்தபடி இதையே யோசித்து நின்றோம். வழிகாட்டிப் பெண்மணி இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தோம்.