மஞ்சள் விளக்கு

நாமக்கல்லில் வாழ்ந்துகொண்டு வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாதிருத்தல் அரிது. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளின் சம்மட்டி ஓசையில் வளர்ந்தவர்கள் இவ்வூரார். நாமோ நஹ்வும் ஸர்ஃபும் ஓதிக் கொடுத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். என்ஜினின் மூடியைத் திறந்தால் நமக்கு எல்லாம் குழாயாகவே தெரியும்.

இல்லத்தாரை மாதம் இருமுறை சேலத்து மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் ஐம்பது கிலோமீட்டர் அமர்ந்து வர அவர்களின் முதுகு இடங்கொடுக்கவில்லை. எனவே 2016ஆம் ஆண்டின் பெட்ரோல் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். ஒரு நாள் மல்லூரைத் தாண்டுகையில் என்ஜின் வடிவிலான மஞ்சள் விளக்கு ஒன்று கண்முன்னே எரிந்தது. வண்டி என்னவோ வழக்கம்போல் ஓடிற்று. நம் நெஞ்சுதான் ஓடவில்லை.

பட்டறைக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகினார். ‘பி 0420’ என்னும் எண் தோன்றிற்று. பொத்தானை அழுத்தி அழித்தார். முந்நூறு ரூபாய் பெற்றுக்கொண்டார். பத்தாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. இவ்வாறு நான்கு முறை.

பிறகுதான் இதைப் பற்றி விசாரித்து அறியலானோம். புகையைக் கண்காணிக்கவே இவ்விளக்கு பிறந்தது. கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டின் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டில் 2010இல் தொடங்கி 2013இல் விரிவாக்கினர். புகைக்குழாயில் தேன்கூடு போன்ற ஒரு வடிகட்டி உண்டு. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் அதன்மீது பூசப்பட்டு, நச்சுப் புகையை மாற்றுகின்றன. அதற்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக ஆக்சிஜனை அளக்கும் இரு உணர்விகள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பேசத் தொடங்கினால், வடிகட்டி வேலை செய்யவில்லை என்று வண்டி முடிவு கட்டுகிறது. அதுவே அந்த எண்ணின் பொருள். ஒரு பயணத்தில் கண்ட குறையை அடுத்த பயணத்திலும் கண்டால்தான் விளக்கு எரியும். அழித்தபின் சில நாள் அது உறங்குவதன் காரணம் இதுவே.

உஸூல் கலையில் ‘இல்லத்’ வேறு, ‘அலாமத்’ வேறு. முன்னது காரணம், பின்னது அடையாளம். இதை எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கிய நாம், அடையாளத்தை அழிப்பதற்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்திருக்கிறோம்.

(வாசகர் ஒன்றை நினைவில் வைப்பது நலம். சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்துக. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெல்ல ஓட்டிச் சென்று காட்டலாம். அது கண்சிமிட்டினால், எரியாத பெட்ரோல் வடிகட்டிக்குள் புகுந்து அதைச் சுட்டுக் கெடுக்கிறது என்று பொருள், மேற்கொண்டு ஓட்டற்க.)

வடிகட்டியை மாற்றப் பட்டறைக்காரர் சொன்ன தொகை நம் இரண்டு மாதச் சம்பளம். விற்றுவிடுவது என்று தீர்மானித்தோம். அப்போது அவர் குரலைத் தாழ்த்தி, “ஹஜ்ரத், அழித்துத் தருகிறேன். ஒரு வாரம் வராது. அதற்குள் கைமாற்றி விடுங்கள்” என்றார்.

சரி என்றோம். மறைப்பதற்கில்லை.

வாங்க வந்தவர் ராசிபுரத்து இளைஞர், நம்மிடம் ஓதியவர். விளக்கு அணைந்திருந்தது. ஓட்டிப் பார்த்தார், ஐயாயிரம் முன்பணம் கொடுத்தார். “ஹஜ்ரத்திடம் வாங்குவதால் வேறு யாரிடமும் காட்டவில்லை” என்றும் சொன்னார். குறையைச் சொல்லாமல் விற்கலாகாது என்ற பாடத்தை இதே பிள்ளைக்கு நடத்தியவர் நாம். ஈரத் தானியத்தைக் குவியலுக்குள் மறைத்த வணிகனின் செய்தியையும் சேர்த்தே நடத்தியிருந்தோம். அன்றிரவு சோறு இறங்கவில்லை. இல்லத்தார் காரணம் கேட்டார்கள், சொன்னோம். “என் முதுகுக்காகவா இதைச் செய்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்கள்.

மறுநாள் ராசிபுரம் சென்று எல்லாவற்றையும் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பணத்தை எண்ணாமலே பையில் வைத்துக்கொண்டார். அது நமக்கு எண்ணியதைவிட வலித்தது. நல்ல வேளை, அவருடைய மாமா லாரிப் பட்டறையில் பழகியவர். வண்டி குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லிக் குனிந்து கேட்டார். ‘டிக், டிக்’ என்றொரு மெல்லோசை. புகைக்குழாய் இணைப்பில் கரி படிந்திருந்தது. கேஸ்கெட் பழுதாகி, அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே கசிந்து உணர்வியை ஏமாற்றியிருக்கிறது! வடிகட்டியில் குறையே இல்லை. புது கேஸ்கெட்டும் கூலியும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தன.

அவரே இன்னொன்றும் சொன்னார். விளக்கை அண்மையில் அழித்திருந்தால், வண்டியின் சோதனைகள் முடியவில்லை என்று அதே கருவி காட்டிவிடுமாம். சாவியைத் திருப்பியதும் அவ்விளக்கு ஒருமுறை எரிந்து, என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லையெனில் யாரோ அதைக் கழற்றியிருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் இவ்விரண்டையும் பார்த்துக்கொள்ளட்டும்.

காரை விற்கவில்லை, அவ்விளைஞர் வேறொன்று வாங்கிக்கொண்டார். சில மாதம் நம்மைக் கண்டால் ஸலாம் உரைத்துவிட்டு விலகிப் போவார். இப்போது நின்று பேசுகிறார்.

“விளக்கு எரிகிறதா, ஹஜ்ரத்?”

“சாவியைத் திருப்பும்போது மட்டும், தம்பி.”