உறங்குமுன் அணைக்க வேண்டிய நெருப்பு

சென்ற ஆண்டு பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைக் கண்டு வளர்ந்த நமக்கு, காற்றையேனும் மாசுபடுத்தாதிருப்பது மார்க்கக் கடமையாகவே தோன்றுகிறது.

இஷா தொழுதுவிட்டு வந்ததும் வண்டியை வாசலில் நிறுத்தி, சார்ஜரைச் சொருகிவிட்டு உறங்குவது வழக்கமாயிற்று.

ஒரு நாள் மதரஸாவில் ஹதீஸ் பாடம். மதீனாவில் ஓர் இரவு வீடொன்று தீப்பற்றிய செய்தியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்குமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தியதை விளக்கினேன். "இப்போது யார் வீட்டில் எண்ணெய் விளக்கு எரிகிறது, ஹஜ்ரத்?" என்றான் ஒரு மாணவன். பதில் சொல்ல வாயெடுத்த எனக்கு என் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது.

2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியதில், புகையால் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பர் முதல் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனினும், எங்கே, எப்போது சார்ஜ் செய்வது என்பது நம் பொறுப்பே. லித்தியம் பேட்டரியின் ஒரு செல் அளவுமீறிச் சூடேறினால் அடுத்தடுத்த செல்களுக்கும் அது பரவும். உறங்குபவருக்கு விழிக்கவும் அவகாசம் இராது.

வண்டியை நான் விற்கவில்லை. அஸருக்குப் பின், அனைவரும் விழித்திருக்கும் நேரத்தில், வெளியேறும் வழியை மறைக்காத இடத்தில் சார்ஜ் செய்கிறேன். இஷாவுக்கு முன்பே சுவிட்சை அணைத்துவிடுகிறேன். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்கக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. வீட்டில் உறங்கும் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அல்லவா?