கட்டறுந்ததற்குச் சான்று

நியூயார்க் மாநிலத்தில் வாழும் என் தங்கை மறுமணத்துக்குத் துணிந்தாள். முதல் மணம் முறிந்ததற்குச் சான்று கேட்டனர், திருமண உரிமம் வழங்குவோர். உறவினரோ, "அதைத் தோண்டினால் ஊர் சிரிக்காதா?" என்று அஞ்சினர்!

தங்கைக்கு எழுதினேன்: வழக்கு நடந்த கவுண்டியின் எழுத்தரிடம் கேள். இருவர் பெயரும், ஆண்டும், வழக்கு எண்ணும் குறிப்பிடு; அடையாளம் காட்டு; சான்றளிக்கப்பட்ட தீர்ப்பு நகலைப் பெறு. நீதிமன்ற ஆணையின்றி அக்கோப்பு 100 ஆண்டுகள் அயலார்க்குத் திறவாது. வழக்காடியவர்க்கும் அவர்தம் வழக்கறிஞர்க்குமே திறக்கும். பிறகு ஊர்வாய்க்கு அஞ்சுவானேன்?

1787 முதல் 1967 வரை, துணைவர் பிறரை நாடியதை மெய்ப்பித்தால்தான் அங்கே மணமுறிவு! அடிக்கும் உதைக்கும் மணமுறிவு இல்லை. அந்தப் பூட்டு உடைந்தபின் கிடைத்த தாள் இது. தோழர்களே, அது களங்கச் சீட்டன்று, கட்டறுந்ததற்குச் சான்று. கேட்டுப் பெறுவது உரிமை. நாணி ஒளிவது மடமை!